கிளௌகாவின் உண்டியல்

கிறிஸ்தவ இறையியலில் 'நற்கிரியை' என்ற சொல் பார்வைக்கு எளியது. ஆனால் அச்சமயத்தின் வரலாற்றில் அதைப் போல் நெடுங்காலம் சர்ச்சைக்கு உள்ளான சொற்கள் மிகச் சிலவே. பசித்தவருக்கு உணவிடுதல், அனாதைகளைப் பேணுதல், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளுதல், சிறையில் இருப்பவரைச் சந்தித்தல் ஆகிய செயல்களையே அச்சொல் முதன்மையாகச் சுட்டுகிறது. அவற்றைச் செய்ய வேண்டும் என்பதில் எக்காலத்திலும் எந்தத் திருச்சபையும் ஐயம் கொண்டதில்லை. செய்தவனுக்கு இறைவன் முன்னிலையில் அச்செயல் எதை ஈட்டித் தருகிறது என்பதில்தான் பிணக்கு எழுந்தது. மனிதனின் தகுதியைப் பாராமல் இறைவன் தானாகவே அளிக்கும் தயவைத் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் மரபு 'கிருபை' என்றும், அந்தத் தயவை நம்பிப் பற்றிக்கொள்வதை 'விசுவாசம்' என்றும் வழங்குகிறது. இரட்சிப்பு முழுவதும் கிருபையால், விசுவாசத்தின் வழியாக வருகிறது என்றால், நற்கிரியைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்ற வினா 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மனியில் எழுந்து, அடுத்த இருநூறு ஆண்டுகளில் அங்கிருந்து தஞ்சாவூர்ச் சீமை வரைக்கும் பயணம் செய்தது. நூல்களும் மறுப்பு நூல்களும் அந்த வினாவுக்குச் சொன்ன விடைகளைக் காட்டிலும், ஹாலே என்ற நகரத்தின் புறத்தே ஒரு போதகரின் வீட்டில் மாட்டப்பட்ட உண்டியல் சொன்ன விடை தெளிவானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இடைக்கால ஐரோப்பாவில் தானம் என்பது இரு தரப்பினருக்கும் பயன்படும் ஒரு பரிமாற்றமாகவே பொதுமக்களால் உணரப்பட்டது. கொடுப்பவர் காசு கொடுத்தார். பெற்றுக்கொண்ட ஏழை அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடினார். மடங்களுக்கும் மருத்துவச் சாலைகளுக்கும் நிலம் எழுதி வைத்தவர்கள், தங்கள் இறப்புக்குப் பின் அங்கே தங்களுக்காகப் பூசை நடக்க வேண்டும் என்று சாசனத்திலேயே குறிப்பிட்டனர். தமிழில் 'புண்ணியம்' என்ற சொல் தாங்கி நிற்கும் பொருளுக்கு இந்த எண்ணம் வெகு அருகில் இருப்பதால், தமிழ் வாசகருக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அக்காலக் கத்தோலிக்க இறையியலாளர்களும் கிருபையே முதன்மையானது என்றுதான் கற்பித்தார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எனினும் ஏடுகளில் இருந்த நுட்பம் தெருவில் இறங்கும்போது கணக்கு வழக்காக மாறிவிட்டிருந்தது. அந்தக் கணக்கு வழக்கின் உச்சமாக விற்பனைக்கு வந்த பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்தே 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் தமது 95 கருத்துரைகளை எழுதினார்.

லூத்தர் நற்செயலை வெறுத்தவர் என்ற எண்ணம் அவர் வாழ்ந்த காலத்திலேயே பரவியிருந்தது. 1520ஆம் ஆண்டிலேயே அவர் நற்கிரியைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதியதும், அதே ஆண்டில் கிறிஸ்தவனின் சுதந்திரம் குறித்த புகழ்பெற்ற சிறுநூலை வெளியிட்டதும் அந்த எண்ணத்தை மறுப்பதற்காகவும்தான். நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும், கனி கொடுப்பதால் மரம் நல்லதாகிவிடுவதில்லை என்ற சுவிசேஷ உவமையை அவர் இதற்குக் கையாண்டார். இறைவனுக்கு மனிதனின் நற்செயல் எதுவும் தேவையில்லை, அது தேவைப்படுவது அயலானுக்கே என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த வாதம் ஏடுகளோடு நிற்கவில்லை. 1522இல் விட்டன்பர்க் நகரமும், 1523இல் லைஸ்னிக் என்ற சிற்றூரும் தத்தம் திருச்சபை அறக்கட்டளைகளின் வருவாயை 'பொதுப் பெட்டி' ஒன்றில் சேர்த்து, பிச்சை எடுப்பதைத் தடை செய்து, அனாதைகளுக்கும் முதியவர்களுக்கும் அதிலிருந்து உதவவும், நொடித்துப்போன கைவினைஞர்களுக்குக் கடன் கொடுக்கவும் விதிமுறைகள் வகுத்தன. லைஸ்னிக் விதிமுறைக்கு லூத்தரே முன்னுரை எழுதினார். நகரமன்றம் அறக்கட்டளைகளைக் கைமாற்றித் தரத் தயங்கியதால் அவ்வூரின் பெட்டி நடைமுறையில் தடுமாறியது என்றாலும், ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டிருந்தது: கொடுத்தவரின் ஆன்மாவுக்குத் தானம் எதையும் வாங்கித் தராது என்றான பிறகு, வாங்குபவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முதன்முறையாக இடம் கிடைத்தது.

ஆனால் அடுத்த தலைமுறை அந்த இடத்தை நிரப்புவதற்குப் பதிலாக வாதாடிக் களைத்தது. 1550களில் கியோர்க் மேஜர் என்ற லூத்தரன் இறையியலாளர், நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியமானவை என்று கூறியபோது, லூத்தரின் நெருங்கிய நண்பரான நிக்கோலாஸ் ஃபோன் ஆம்ஸ்டார்ஃப் எதிர்த்து எழுந்து, நற்கிரியைகள் இரட்சிப்புக்குத் தீங்கானவை என்று எழுதும் அளவுக்குச் சென்றார். நற்கிரியைகளின் மேல் நம்பிக்கை வைப்பதே தீங்கானது என்பதுதான் அவர் சொல்ல விரும்பியது. ஆயினும் சொற்கள் அவரை எங்கேயோ இழுத்துச் சென்றுவிட்டன. 1577இல் இயற்றப்பட்ட 'ஒருமைப்பாட்டு விதிக்கூற்று' என்ற லூத்தரன் விசுவாச ஆவணம் இவ்விரு கூற்றுகளையும் விலக்கி, விசுவாசத்தின் பின்னே நற்கிரியைகள் உறுதியாக வரும், ஆனால் இரட்சிப்பின் காரணமாக அவை நிற்கமாட்டா என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானதே. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பிரசங்க மேடைகளில் நற்கிரியை என்ற சொல் கூச்சத்தோடுதான் உச்சரிக்கப்பட்டது. 1618 முதல் 1648 வரை நீடித்த முப்பதாண்டுப் போர் ஜெர்மானிய நிலங்களைச் சூறையாடி, தெருக்களை அனாதைகளாலும் ஊனமுற்ற போர்வீரர்களாலும் நிரப்பியபோது, சரியான விசுவாசம் கொண்டிருந்த திருச்சபைகள் பல செயலிழந்து நின்றன.

இந்தச் செயலின்மையைக் கண்டு மனம் நொந்தவர்களிடமிருந்துதான் 'பையட்டிசம்' எனப்படும் பக்திநெறி இயக்கம் பிறந்தது. (தமிழகத்தில் பக்தி இயக்கம் என்றால் நாயன்மார்களும் ஆழ்வார்களும் நினைவுக்கு வருவார்கள், இது அதனோடு தொடர்பற்ற, லூத்தரன் திருச்சபைக்குள்ளேயே எழுந்த ஒரு புத்துயிர்ப்பு.) ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் போதகர் ஃபிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட நூல் இதற்கு வித்திட்டது. கோட்பாட்டை அறிவது மட்டும் கிறிஸ்தவமாகாது, அது வாழ்க்கையில் வெளிப்பட வேண்டும் என்ற அவரது வற்புறுத்தலால் கவரப்பட்டவர்களில் ஒருவர், 1663இல் லூபெக் நகரில் பிறந்த ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. எபிரேயமும் கிரேக்கமும் ஆழ்ந்து கற்ற இந்த இளைஞர், 1687இல் லூனபர்க் நகரில் ஒரு பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, தாம் பேசவிருக்கும் விசுவாசம் தம்மிடமே இல்லை என்று உணர்ந்து கலங்கினார்; சில நாள் மன்றாட்டுக்குப் பின் ஒரு மாலைவேளையில் அந்தக் கலக்கம் நீங்கியது என்று பின்னர் எழுதி வைத்தார். அதன்பின் எர்ஃபர்ட் நகரில் பணியாற்றியபோது எதிர்ப்பாளர்களால் வெளியேற்றப்பட்டு, 1692இல் ஹாலே நகரில் தோன்றிக்கொண்டிருந்த புதிய பல்கலைக்கழகத்தில் கிரேக்க, கீழை மொழிப் பேராசிரியராகவும், நகரை அடுத்த கிளௌகா என்ற ஊரின் போதகராகவும் அமர்ந்தார்.

கிளௌகா யாரும் விரும்பிப் போகக்கூடிய ஊராக இருக்கவில்லை. 1682ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோய் அவ்வூரின் குடும்பங்களைச் சிதைத்திருந்தது. எஞ்சியிருந்த சுமார் 200 வீடுகளில் 37 வீடுகள் மதுக்கடைகள் என்று கூறப்படுகிறது. வியாழக்கிழமைகளில் ஏழைகள் போதகர் வீட்டு வாசலில் கூடி ரொட்டி வாங்கிச் செல்வது வழக்கம். ஃபிராங்கே அவர்களை வெறுமனே ரொட்டியோடு அனுப்பாமல் உள்ளே அழைத்து உட்கார வைத்து, பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கப் பிள்ளைகளிடம் ஞானோபதேசத்திலிருந்து, அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளை வினாவிடையாகக் கற்பிக்கும் நூலிலிருந்து, சில கேள்விகளைக் கேட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கென்று அவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணத்தை வாங்கிக்கொண்டார்கள், பள்ளிக்குப் போகவில்லை.

1695ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் வீட்டு அறையில் ஓர் உண்டியலை மாட்டி, உடைமை இருந்தும் சகோதரனின் குறைவைக் கண்டு இதயத்தை அடைத்துக்கொள்பவனைப் பற்றிப் பேசும் யோவானின் முதல் நிருபத்து வசனத்தையும், மனமுவந்து கொடுப்பதைப் பற்றிய பவுலின் வசனத்தையும் அதன் மேல் எழுதி வைத்தார். சுமார் கால் ஆண்டு கழித்து ஒருவர் அதில் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார். ஒரு தாலர் 24 குரோஷன் என்ற கணக்கின்படி மொத்தம் 112 குரோஷன். எவ்வகையிலும் பெருந்தொகை என்று சொல்ல முடியாத அப்பணத்தைக் கையில் எடுத்த ஃபிராங்கே, இது நல்லதொரு முதல், இதைக் கொண்டு ஏழைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தார். அன்றைக்கே 2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்கச் சிறு வாரக் கூலிக்கு அமர்த்தினார். 27 புத்தகங்கள் 27 பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தவை 4 மட்டுமே. மற்றவை பிள்ளைகளோடு காணாமல் போயின, பெரும்பாலும் விற்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்பது தகும். தானம் கொடுப்பவரின் புண்ணியத்துக்காக நடப்பது என்றால், 27 புத்தகங்களும் கைமாறிய அக்கணத்திலேயே அந்த அறம் முழுமை பெற்றுவிட்டது. பிள்ளைகள் அவற்றை என்ன செய்தார்கள் என்பது கொடுத்தவரின் கணக்கில் சேராது. ஃபிராங்கேயின் கணக்கு அப்படி முடியவில்லை. மீதியிருந்த பணத்தில் மறுபடியும் புத்தகம் வாங்கினார். இம்முறை படித்து முடித்ததும் அவற்றைப் பள்ளியிலேயே ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி செய்தார். பிள்ளைகள்மேல் சினந்து கதவை அடைத்ததாகவும் இல்லை, அவர்களின் வறுமையைக் காரணம் காட்டி இழப்பைப் பொறுத்துக்கொண்டதாகவும் இல்லை. தாம் பெற்ற கிருபை தம் தகுதியைப் பார்த்து வரவில்லை என்று நம்பிய ஒருவர், பிறருடைய தகுதியின்மையைக் கண்டு தளர்ந்துவிடாமல் இருந்ததும், அதே வேளையில் செய்கிற காரியம் உருப்படியாக நடக்க வேண்டும் என்று அலமாரி வைத்துப் பூட்டியதும் ஒரே மனநிலையின் இரண்டு பக்கங்கள். நற்கிரியை என்பது விசுவாசத்தின் கனி என்ற கோட்பாட்டுக்கு, 1577ஆம் ஆண்டு ஆவணத்தின் வாசகங்களைவிட இந்த அலமாரி நல்ல விளக்கவுரை.

பின் நடந்தவை வேகமாக நடந்தன. கட்டணம் செலுத்தக்கூடிய நகரத்தார் தங்கள் பிள்ளைகளையும் அனுப்பத் தொடங்கினர். 1695ஆம் ஆண்டு முடிவதற்குள் சில அனாதைக் குழந்தைகளின் பராமரிப்பும் சேர்ந்துகொண்டது. அனாதை இல்லம் ஒன்றை நடத்துவது எப்படி என்று அறிந்துவர, 1697இல் கியோர்க் ஹைன்ரிக் நாய்பாவர் என்ற உதவியாளரை ஃபிராங்கே ஹாலந்து நாட்டுக்கு அனுப்பினார்; அந்நாட்டு இல்லங்களில் உணவும் படுக்கையும் காற்றோட்டமும் எவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்துவருவதே அவருடைய வேலை. 1698இல் 'தங்கக் கழுகு' என்ற பெயருடைய ஒரு மதுச்சத்திரம் விலைக்கு வாங்கப்பட்டு, அதை ஒட்டிய நிலத்தில் அனாதை இல்லத்தின் பெருங்கட்டடத்துக்கு அவ்வாண்டு ஜூலை மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் மூன்றாம் ஃபிரெடெரிக் அதற்கு வரிச்சலுகைகளை வழங்கினார். கையில் முதலீடு இல்லாமல், வாரந்தோறும் கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டிய நிலையில், வருகிற நன்கொடையை நம்பியே அக்கட்டடம் எழும்பியது. அதன் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளின் உருவம் இன்றும் காணப்படுகிறது. காத்திருப்பவர்கள் கழுகுகளைப் போல் செட்டை விரிப்பார்கள் என்னும் ஏசாயாவின் வாக்கை அது குறிக்கிறது.

நன்கொடையை மட்டும் நம்பி ஃபிராங்கே இருந்துவிடவில்லை. ஹைன்ரிக் யூலியஸ் எலர்ஸ் நடத்திய அச்சகமும் புத்தகக் கடையும், இல்லத்தின் மருந்தகமும் வருவாய் ஈட்டின. மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் ரிக்டர் செய்முறைப்படுத்திய 'இனிய சாரம்' என்ற பொன் கலந்த மருந்து ஐரோப்பா முழுவதும் விற்றது. இன்றைய மருத்துவ அறிவின்படி அதன் குணம் ஐயத்துக்குரியதே ஆனாலும், அதன் இலாபம் ஏழை மாணவர்களின் சாப்பாட்டு மேசைக்குச் சென்றது. பல்கலைக்கழகத்து ஏழை மாணவர்கள் அங்கே இலவசமாக உணவுண்டு, அதற்கு ஈடாகப் பள்ளிகளில் பாடம் நடத்தினர். பிள்ளைக்குப் படிப்பும் ஆசிரியருக்குச் சோறும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. 1710இல் கார்ல் ஹில்டபிராண்ட் ஃபோன் கான்ஸ்டைன் என்ற பிரபு ஹாலேயில் தொடங்கிய வேதாகம நிறுவனம், அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்து மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையால் புதிய ஏற்பாட்டை 2 குரோஷனுக்கு விற்றது. 1727இல் ஃபிராங்கே இறந்தபோது அவருடைய பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர்.

குறைகளை மறைப்பது வரலாறாகாது. ஹாலேயின் ஒழுங்கு கடுமையானது. பிள்ளைகள் ஒரு கணமும் கண்காணிப்பின்றி விடப்படவில்லை. விளையாட்டு வீண் என்று கருதப்பட்டு, ஓய்வு நேரம் கைத்தொழிலாலும் நடையாலும் நிரப்பப்பட்டது. பிள்ளையின் சுயவிருப்பத்தை முறிப்பதே கல்வியின் முதற்படி என்று ஃபிராங்கே எழுதினார். தகுதி பாராத கிருபையைப் பிரசங்கித்த ஒருவர், பத்து வயதுப் பிள்ளையின் ஓட்டத்துக்கும் சிரிப்புக்கும் இடமளிக்கத் தயங்கியது வருந்தத்தக்கது. வரிச்சலுகையோடு வணிகம் செய்ததால் ஹாலே நகரத்து வணிகர்களின் முறையீடும் எழுந்தது. 1700இல் அரசின் ஆணைக்குழு ஒன்று வந்து இல்லத்தைத் தணிக்கை செய்தது. அதற்கு மறுமொழி போலவும் அமைந்தது, 1701 முதல் ஃபிராங்கே வெளியிட்டுவந்த விவரண நூல். எந்த நாளில் எவ்வளவு குறைந்தது, யார் மூலம் எவ்வளவு வந்தது என்று விரித்துச் சொல்லும் அந்நூல், அனாதை இல்லத்தை நிறுவனரின் சாதனையாகப் பேசாமல், இறைவன் நடந்துசென்ற அடிச்சுவடுகளாகவே பேசுகிறது. கனி மரத்துக்குரியது, மரம் தோட்டக்காரனுக்குரியது என்ற எண்ணத்தின் வரவு செலவுக் கணக்கு அது. 1705இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூலால் தூண்டப்பட்டவர்கள் பலர். ஹாலேயில் மாணவராக இருந்தபோது ஃபிராங்கேயின் இல்லத்தில் சிறிது காலம் இலவசமாகத் தங்கிய ஜார்ஜ் முல்லர், பின்னாளில் அவருடைய வரலாற்றைப் படித்துவிட்டு 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தமது அனாதை இல்லத்தைத் தொடங்கியது அந்தத் தொடர்ச்சியின் ஒரு கிளை.

மற்றொரு கிளை சோழமண்டலக் கரைக்கு வந்தது. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் விருப்பப்படி, 1620 முதல் டேனியரின் வணிகத்தளமாக இருந்த தரங்கம்பாடிக்கு, 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சாவும் மிஷனரிகளாக வந்து இறங்கினர். இருவருமே ஹாலேயில் படித்தவர்கள். சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் ஹாலேயின் நெறிக்கு ஏற்றதாகவே இருந்தது: உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைப் பழகினார். 1707ஆம் ஆண்டுக்குள் தரங்கம்பாடியில் மிஷனின் பள்ளிகள் தொடங்கிவிட்டன. பெண் குழந்தைகளும் அவற்றில் படித்தனர். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துத் தங்க வைத்துக் கற்பித்தது கிளௌகாவின் அச்சாகவே இருந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பெரிய உருவினவாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவு பெற்றது.

ஆனால் கோட்பாட்டுக்கு இம்மண்ணில் ஹாலே காணாத ஒரு சோதனை காத்திருந்தது. தமிழருக்கு அறத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1708ஆம் ஆண்டிலேயே சீகன்பால்கு நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார் என்றால், அவற்றின் ஒழுக்க நெறி அவரை எவ்வளவு பாதித்திருக்க வேண்டும் என்பது விளங்கும். சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் ஊருக்கு ஊர் இருந்த நாட்டில், நற்செயல் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியது என்று யாரும் சொல்ல முடியாது. லூத்தரன் கோட்பாடும் அப்படிச் சொன்னதில்லை, செயல் எந்த ஊற்றிலிருந்து பெருகுகிறது என்பதைப் பற்றியே அது பேசியது. இருந்தும், ஊற்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தண்ணீரைப் பார்த்துத்தானே மக்கள் தீர்ப்பளிப்பார்கள்! 1712 முதல் 1714 வரை மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியிடப்பட்டன. உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், ஆனால் இங்கே நாங்கள் காணும் கிறிஸ்தவர்களின் குடியும் தூய்மையற்ற நடையும் அதை நம்பவிடவில்லை என்ற பொருள்பட அவற்றில் பலர் எழுதியிருந்தனர். கனியைக் கொண்டு மரத்தை அறியலாம் என்ற வசனத்தை, அதைப் படித்திராதவர்களே கிறிஸ்தவர்கள்மேல் பிரயோகித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு நியாயமானது என்பதை ஏற்றுக்கொள்ளும் துணிவு சீகன்பால்குக்கு இருந்தது. நாவிதர் குலத்து ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதிலிருந்து வளர்ந்த பூசலில், டேனியத் தளபதியின் சினத்துக்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டு இறுதியில் அவர் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைக்கப்பட்டார். சிறையை விட்டு வந்த பின்னும் தமிழ்ச் சமயங்களை ஆராய்வதை நிறுத்தவில்லை. 1713இல் அவர் எழுதி முடித்த, தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைக் கூறும் பெருநூலை ஹாலே வெளியிட மறுத்தது. புறச்சமயத்தை அழிக்கவே மிஷனரிகள் அனுப்பப்பட்டார்கள், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்காக அன்று என்பது ஃபிராங்கே அளித்ததாகக் கூறப்படும் காரணம். அந்நூல் அச்சேற 1867ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழைப் பிள்ளைக்கு எது தேவை என்று அவ்வளவு கூர்மையாகக் கேட்டறிந்த ஹாலே, தமிழர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்க மறுத்தது பெரும் பிழை. கிருபை எல்லோருக்கும் சமம் என்று போதித்த தரங்கம்பாடித் திருச்சபையிலேயே சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் நுழைந்து நிலைபெற்றது அதனினும் பெரும் பிழை. அதன் வடு நீண்ட காலம் ஆறவில்லை.

ஹாலேயிலிருந்து வந்தவர்களில் தமிழ் மக்களின் நினைவில் மிக ஆழமாக நின்றவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிறந்து, ஹாலேயிலேயே தமிழ் கற்கத் தொடங்கி, 1750இல் தரங்கம்பாடியை அடைந்து, திருச்சிராப்பள்ளியிலும் பின்னர் தஞ்சாவூரிலும் தங்கி, 1798இல் இறக்கும் வரை தாய்நாடு திரும்பாதவர் இவர். இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராகவும் ஆசானாகவும் விளங்கினார். தந்தைக்கு நிகராக அவரை மதித்த சரபோஜி, ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற இலண்டன் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் செய்வித்து நிறுவிய நினைவுச் சிற்பம் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ளது.

சுவார்ட்ஸின் வாழ்வில் ஹாலேயின் அந்த உண்டியலை நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூழ்ந்தபோது கோட்டைக்குள் பஞ்சம் பரவியது. காலையில் தெருவெங்கும் பிணங்கள் கிடந்தன. சிப்பாய்களே பசியால் நிலைகுலைந்து விழுந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. அதைச் சுமந்துவர மாடுகள்தாம் இல்லை. முன்னர் நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குச் சேர வேண்டிய விலையை அதிகாரத்தில் இருந்த துபாஷிகள் எனப்படும் இடைத்தரகர்கள் தராமல் ஏமாற்றியிருந்ததால், அவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டிருந்தனர். அரசர் துளஜா ஆணையிட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார், யாரும் வரவில்லை. தம்முடைய சொல்லையும் ஆங்கிலேயரின் சொல்லையும் மக்கள் நம்புவதில்லை, பாதிரியாரின் சொல்லை நம்புகிறார்களா பார்ப்போம் என்று, மக்களோடு எந்த உடன்பாடும் செய்துகொள்ளும் அதிகாரத்தோடு எழுதப்படாத வெற்றுத்தாள் ஒன்றை அரசர் சுவார்ட்ஸிடம் அனுப்பினார். சுவார்ட்ஸ் நான்கு திசைக்கும் கடிதம் எழுதினார்: ஒவ்வொருவருக்கும் கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரி பிடித்துக்கொள்ளும் மாட்டுக்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் அவரோடு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து நாட்டுக்குள் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். எல்லாம் முடிந்தபின் சுவார்ட்ஸ், தம் பொறுப்பில் இருந்த பிறருடைய பணத்தையும் சேர்த்து, மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்து, அதற்கு மேல் சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.